நகத்தில் வந்த சொரியாசிஸ்

தோல் கிளினிக் முடிந்து ஆரையம்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒருவருக்கொருவர் மச்சாள் முறையான இரண்டு பெண்கள். ஒருத்தியின் நகங்களெல்லாம் குழி விழுந்து மஞ்சளித்திருந்தன.

“சொரியாசிஸாம்கா. தோலில ஒண்டுமில்லாம நகத்தில மட்டும் வருமாம். ஒட்டாதாம்.”

“அதக் கோயில் சபைக்கு ஆர் சொல்ற? அம்மன் சடங்குப் பொங்கலுக்கு நெல்லுக் குத்த உன்னைச் சேர்க்கப்படாதாம்.”

“டொக்டர் வெறுங்கையாலதான் என்ட விரலைப் புடிச்சிப் பாத்தவர்.”

கோயில் சபைத் தீர்மானத்துக்கு எதிராக மேன்முறையீடு செய்ய நானறிந்த நடைமுறை எதுவும் இல்லை.

“மறுகா என்ன செய்யப் போறாய்?”

“முதல் ஆளாப் போய் உலக்கையப் புடிப்பன். பயந்தவங்க பொங்கல் தின்னாம வீட்ட போகட்டும்.”

“அப்ப அதே உரலில மற்ற உலக்கை நான்,” என்றாள் பக்கத்திலிருந்த மச்சாள்.