பூனையின் கைக்கு வந்த அஞ்சாலை

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவனுக்குத் துணி துவைத்து மாளாது, சார். எதைத் தொட்டாலும் உப்பு. தண்ணீர் சொட்டிய இடமெல்லாம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். சோபாவின் கைப்பிடி, சுவிட்ச் பலகை, என் மனைவியின் புடவை, எதுவும் தப்பாது. "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு உப்பளத்துல வாக்கப்பட்டிருக்கலாம்" என்பாள். சொல்லிக்கொண்டே துடைத்தும் விடுவாள். அந்தத் துடைக்கிற பழக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்பது என் நண்பன் எங்கள் தொட்டிப் பக்கத்தில் செத்துக் கிடந்ததைப் பற்றி. விபத்து என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீன் புரியாமல் மற்றது புரியாது.

அஞ்சாலை என்பது விலாங்குச் சாதி. கடலில் ஆள் நீளத்துக்கு வளர்கிறவையும் உண்டு. என்னுடையது முழங்கை நீளம்தான். வெள்ளை உடம்பில் கருப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், பெயிண்டர் பிரஷ்ஷை உதறியதுபோல. பகல் முழுவதும் பவளக் கல்லின் பொந்துக்குள் கிடந்து, தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். வருகிறவர்கள் கடிக்க வருகிறது என்று பயப்படுவார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மோப்பத்தாலும் பழக்கத்தாலும் பிழைக்கிற ஜீவன். யாரிடம் சாப்பிட்டுப் பழகியதோ அவர் கைக்குத்தான் வரும். மற்றவர்கள் கால் கடுக்க நின்றாலும் பொந்தைவிட்டு அசையாது.

அதைப் பழக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கண்ணாடியில் இரண்டு முறை தட்டுவேன். பிறகு இடுக்கியில் ஒரு துண்டு இறாலைப் பிடித்துக்கொண்டு கை மரத்துப்போகும் வரை நிற்பேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முழு உடம்போடு வெளியே வந்து வாங்கிக்கொண்டது. நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டாம், சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

இந்த மீனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், வெளியேறிப் போவது. இரண்டு விரல் நுழைகிற சந்து இருந்தால் போதும், தரையில் விழுந்து, எங்காவது ஊர்ந்துபோய்க் காய்ந்து கருவாடாகிவிடும். அதனால் கனமான மூடி போட்டு, நாலு மூலையிலும் கொக்கி வைத்திருந்தேன். மூடினால் கொக்கியை மாட்டு. எங்கள் வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம் அது.

செத்தவனுக்குப் பூனை என்று பட்டப்பெயர். சாம்பல் நிறக் கண். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் கடைசிவரை போகவில்லை. அவன் வளர்ந்து அலங்கார மீன் கடை வைத்தான். பூனை மீன் கடை வைத்த கதையைச் சொல்லிச் சிரிக்காத வாடிக்கையாளர் கிடையாது, அவனும் கூடவே சிரிப்பான். என் மீன் அவன் கொடுத்ததுதான். அதே பெட்டியில் வந்த இன்னொன்றைக் கல்லாவுக்குப் பக்கத்துத் தொட்டியில் தனக்கென்று வைத்துக்கொண்டான். யார் என்ன விலை சொன்னாலும் அசைய மாட்டான். "இது என் வீட்டுப் பொண்ணு, கட்டிக் குடுக்கற எண்ணமே இல்ல" என்பான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். என் மனைவி அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வார்த்தை எவ்வளவு வசதியானது என்று நான் அப்போது யோசித்ததில்லை.

எனக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. கயிறு அறுந்தாலும் பெட்டி கீழே விழாமல் பிடித்துக்கொள்கிற அமைப்பைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. தொட்டிக்கும் அப்படி ஒன்றை நானே பொருத்தியிருந்தேன். தண்ணீரில் கொஞ்சம் மின்சாரம் கசிந்தால்கூட எல்லாவற்றையும் அணைத்துவிடுகிற ட்ரிப். உப்புத் தண்ணீரில் கை விடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர்களுக்குப் பாலபாடம். பூனை தன் கடையில் அதைத் தவறாமல் செய்வான். என் வீட்டில் மட்டும் செய்ய மாட்டான். "நீ போட்ட ட்ரிப் இருக்கறப்ப எனக்கென்னடா பயம்" என்பான். வாடிக்கையாளர்களிடமும் என் வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான்.

போன வெயில் காலத்தில்தான் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பட்டது. என் மீன் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. எப்போதும் இருக்கிற பெரிய பொந்தை விட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு குறுகிய சந்துக்குள் போய் ஒண்டிக்கொண்டது. இளைத்தும் போயிருந்தது. நான் இரண்டு தட்டு தட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். என் மனைவி என்னைவிடக் கவலைப்பட்டாள். "சாப்பிட்டுச்சா, சாப்பிட்டுச்சா" என்று நச்சரித்தாள். முன்பெல்லாம் அதைப் பார்த்தாலே முகம் சுளிப்பவள்.

பிறகு மெல்ல மெல்ல மீன் தேறியது. அதே சமயத்தில் நான் வேலையிலிருந்து திரும்பும்போது பாத்திரம் கழுவுகிற தொட்டியில் இரண்டு காபி டம்ளர்கள் கிடக்க ஆரம்பித்தன. பூனையின் கடைக்குப் போனால் கல்லாப் பக்கத்துத் தொட்டி காலியாக இருந்தது. "எங்கடா உன் பொண்ணு?" என்று கேட்டேன். "வித்துட்டேன் மச்சான்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடப் படித்தவன் முகத்தைப் பார்க்காமல் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் அவனை நானே சாப்பிடக் கூப்பிட்டேன். ரொம்ப நாள் கழித்து வருகிறவன்போல் வாசலில் நின்று, "வீட்டுக்கு வெள்ளை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். தொட்டிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் அவன் விரல் கண்ணாடியில் ஒரு முறை தட்டியது. ஒரே ஒரு முறை.

என் மீன் வெளியே வந்தது, சார். தலை மட்டும் இல்லை, முழு உடம்பும். தண்ணீரில் எழும்பி, அவன் விரல் இருந்த இடத்தில் கண்ணாடியை முட்டிக்கொண்டு வளைந்து வளைந்து நின்றது. என்னிடம்கூட அது அப்படி நின்றதில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டவன்போல் அவன் கையை எடுத்தான். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற என் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். நான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சாப்பாடு ஆறிவிடும் என்றேன்.

அந்த மீன் பொய் சொல்லத் தெரியாதது. அவன் பகலில் வந்து போகிறான் என்று எனக்குச் சொல்லிவிட்டது. ஆனால் உண்மையாகவே சொல்கிறேன், அவர்கள் இருவரும் எனக்குச் செய்ததைவிட அது அவன் விரலுக்கு வந்து நின்றதுதான் என்னை அறுத்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் கை மரத்துப்போக நின்றவன் நான்.

ஆனாலும் நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். மறுநாள் அவளிடம் சாதாரணமாகக் கேட்டேன், "பூனை பகல்ல இந்தப் பக்கம் வருவானா?"

"அண்ணனா? அவருக்குக் கடையை விட்டு நகர நேரமேதுங்க" என்றாள். துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தாள்.

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றதைச் செய்ய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தொட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கிற பழைய ஹீட்டர் ஒன்று, கண்ணாடி விரிசல் விட்டது, அலமாரியில் கிடந்தது. நான் எதையும் தூக்கி எறிகிறவன் இல்லை. அதை நல்லதற்குப் பதிலாகத் தண்ணீரில் வைத்தேன். ட்ரிப் அதன் இடத்தில், அதன் பச்சை விளக்கோடு இருந்தது. வேலை மட்டும் செய்யாது. நான் கற்ற தொழிலை அந்த ஒரு தடவைதான் தலைகீழாகச் செய்தேன். தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் கை வைத்தேன். வெளியே தரையில் நின்றுகொண்டு தொடுகிறவனுக்குத்தான் ஆபத்து. வீட்டுக்குள் யாரையும் செருப்போடு விட என் மனைவி சம்மதிக்க மாட்டாள். அவள் தண்ணீரைத் தொடவும் மாட்டாள், அதையும் யோசித்திருந்தேன்.

காலையில் வேலை இடத்திலிருந்து பூனைக்குப் போன் செய்தேன். "மச்சான், மீன் கல்லுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. நான் இங்க மூணாவது மாடியில தொங்கிக்கிட்டிருக்கேன். நீ போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாயேன்."

கொஞ்சம் தயங்கினான். "என் கைக்கு அது வருமாடா?" என்றான். இப்படிக் கேட்டானே, அந்த நடிப்பைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. "போய்ப் பாரு, வரும்" என்றேன். கடையில் ஆட்களை அப்படியே நிறுத்திவிட்டு, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினானாம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அவன் மெயினை அணைக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் கணக்கில் ஒன்றுதான் பிசகியது. விழுந்தவனை என் மனைவி வெறும் கையால் பிடித்து இழுத்திருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர். அதற்கு நான் வருத்தப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் அழுதாள். யாரோ செய்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "எல்லாம் என்னாலதாங்க. வெயில் காலத்துல மூடிய எடுத்து உப்பைத் துடைச்சேன். கொக்கிய மாட்ட மறந்துட்டேன். சாயங்காலம் பார்த்தா வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி காய்ஞ்சு கெடந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அண்ணனுக்குப் போன் பண்ணி அழுதேன். அவர்தான் கடையில இருந்த தன்னோடத எடுத்துட்டு வந்து விட்டாரு. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. அது நம்ம வீட்டுல சாப்பிடலன்னு பகல்ல வந்து வந்து ஊட்டிட்டுப் போனாரு. உங்க மீனை பால்கனியில குரோட்டன்ஸ் செடித் தொட்டிக்குள்ள புதைச்சோம்."

"சரி, விடு, உடம்பைப் பாரு" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, ஹீட்டரை மாற்றி, ட்ரிப்பைச் சரி செய்து, தரையைத் துடைத்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு தட்டு தட்டினேன். மீன் தலையை நீட்டி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். விபத்து என்று எழுதினால் பூனை நல்லவனாகவே போய்விடுவான். ஊரே அவனுக்காக அழுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து என் வீட்டில், என் கண்ணெதிரில், என்னை ஏமாற்றினார்கள் என்று எங்காவது ஓரிடத்தில் எழுதியிருக்க வேண்டும். அவள் சொன்னபடியே வைத்துக்கொண்டாலும் அது ஏமாற்றுதான், இல்லையா? கொன்றது நான்தான். அதை மறைக்கவில்லை. காரணத்தை மட்டும் நீங்கள் மாற்றிவிடக் கூடாது.

இந்த இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறீர்கள். போன வருஷம் நான் எடுத்தது, இன்று உங்கள் ஆள் எடுத்தது. கண்ணுக்குக் கீழே இருக்கிற திட்டு ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்கிறீர்கள். தண்ணீருக்குள் வெளிச்சம் மாறினால் எல்லாம் மாறித்தான் தெரியும். உங்களுக்குப் பழக்கமில்லை. பால்கனியில் இருக்கிற குரோட்டன்ஸ் தொட்டியைத் தோண்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்கிறீர்கள். அந்தச் செடி இந்த வருஷம்தான் நன்றாகத் தழைத்திருக்கிறது, நானே அவளைப் பாராட்டினேன். அதை எதற்கு வீணாகக் கலைக்க வேண்டும்? அவன் உயிரோடு இருந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தோண்ட வேண்டாம், சார். தினமும் சோறு போட்டு வளர்த்தவன் நான். என் மீனை எனக்குத் தெரியாதா?