ஒரு லிஃப்ட், எட்டுக் கட்டுரை

...காப்பி அடிச்சாங்களாம், காப்பி! நல்லாக் கேட்டுக்கோம்மா. எட்டுப் பிள்ளைங்க. எட்டும் எங்க பில்டிங் பிள்ளைங்க. அத்தனை பேரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிட்டாங்கன்னு உங்க லைப்ரரியிலேருந்து லெட்டர் வருது. அதை எங்க ஒட்டி வெச்சிருக்கான் வாட்ச்மேன்? கீழ நோட்டீஸ் போர்டுல! தண்ணித் தொட்டி கழுவற தேதிக்குப் பக்கத்துல! போறவன் வர்றவன் எல்லாம் நின்னு படிக்கறான். மானம் போகுதும்மா.

நீ அந்தக் கம்ப்யூட்டரைப் பாக்காத, என்னைப் பாரு. பின்னாடி நிக்கற தம்பி, ரெண்டே நிமிஷம், கோச்சுக்காதீங்க. உங்க கையில இருக்கற புத்தகம் எங்கயும் ஓடிடாது. எனக்கு முட்டி வலி, நான்தான் ஓட முடியாது.

மொதல்லேருந்து சொல்றேன். நீங்க ஒரு கட்டுரைப் போட்டி வெச்சீங்க. பதிமூணுலேருந்து பதினேழு வயசு வரைக்கும். தலைப்பு, 'நான் பயந்துபோன நாள்'. சொந்தமா நடந்ததா இருக்கணும். சரிதானே? எங்க வீட்டுல என் மகனோட பொண்ணு இருக்கா, பதினஞ்சு வயசு. எழுதுவாம்மா! அப்படி எழுதுவா. எங்க எழுதுவான்னா, பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்ச நோட்டுல. நான் எப்படிப் படிச்சேன்னு கேக்காத. நான் படிக்கல. ரெண்டு பக்கம்தான் படிச்சேன். அதுக்குள்ள மருமக வந்துட்டா. அவ பேங்க்ல வேலை பாக்கறா, நடந்து வந்தா ஒரு சத்தம் வராது, திரும்பினா நிப்பா, அது ஒரு தனிக் கதை...

எங்க விட்டேன்? ஆங், பேத்தி. எழுதுடி, போட்டிக்கு அனுப்புன்னேன். 'போ பாட்டி, போன வருஷம் ரெண்டே பேர்தான் எழுதினாங்க, போட்டியே வேணாம்னு விட்டுட்டாங்க. இந்த வருஷமும் அதான் நடக்கும். நான் எழுத மாட்டேன்'னு சொல்லிட்டு டமால்னு கதவைச் சாத்திட்டா. இந்த வயசுல கதவு சாத்தறதுக்குன்னே எங்கயோ போய்ப் படிச்சுட்டு வருதுங்க!

சரி, ஆளு சேரலைங்கறதுதானே குறை? சேத்துட்டாப் போச்சு! ஆறு மாடியும் ஏறினேன்மா, வீடு வீடா. தேர்தல்ல நிக்கறவன்கூட அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டான். நாலாவது மாடியில பல் டாக்டர் வீட்டுப் பையன், 'பேப்பர்லயா எழுதணும்? கையாலயா?'ன்னான். அவங்கப்பா ஊரு வாயெல்லாம் தொறந்து பாக்கறாரு, பெத்த பிள்ளை வாயைத் தொறக்க வெக்கத் தெரியல. ரெண்டாவது மாடியில ரெட்டைப் பொண்ணுங்க, ஒருத்தி சரின்னா இன்னொருத்தி மாட்டேங்குது. கீழ தையல்காரர் மகன். அந்தத் தையல்காரர் இருக்காரே, அவர்கிட்ட பதினாலு தலையணை உறை தைக்கக் குடுத்தேன். ஒண்ணுலயாவது தலையணை நொழையணுமே! அளவு எடுத்தது எதுக்குன்னு கேட்டா, 'தலையணை ஊதிப்போச்சும்மா'ங்கறார். இப்ப அதுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன். சரி, அத விடு.

எங்க போனாலும் பிள்ளைங்க ஒரே பாட்டுத்தான் பாடுச்சு. 'பாட்டி, எழுதறதுக்கு எனக்கு ஒண்ணுமே நடக்கலயே!' நெசம்தான். இதுங்களுக்கு என்ன நடக்கும்? போன்ல சார்ஜ் தீந்தா பயப்படும். அதை ரெண்டு பக்கம் எழுத முடியுமா? அதுக்கு நான் என்ன பண்ணேன்னா... அது இப்ப எதுக்கு? லெட்டர் விஷயத்துக்கு வரேன்.

எப்படிம்மா காப்பின்னு சொல்றீங்க? எல்லாம் அவங்கவங்க வீட்டுல ஒக்காந்து தனித்தனியா எழுதிச்சு, நான் சாட்சி. என்ன? எட்டுப் பேரும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டதா எழுதியிருக்காங்களா? எங்க லிஃப்ட் அப்படிம்மா! நீ வந்து பாரு, நீயும் மாட்டுவே. என்னது... எட்டும் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுலயா? எட்டும் நாப்பது நிமிஷமா? எட்டுலயும் வெளியில ஒரு பாட்டி நின்னு பேசிக்கிட்டே இருக்காங்களா?

ம்... அது கொஞ்சம் இடிக்குதுதான்.

ரெட்டைப் பொண்ணுங்க ரெண்டு பேரும் 'நான் மட்டும் தனியாக'ன்னு எழுதியிருக்காங்களா? ஐயையோ, ஒருத்தியாவது படிக்கட்டுல வந்திருக்கக் கூடாதா! தையல்காரர் மகனுமா? அவன் வீடு தரைத்தளம்மா, அவனுக்கு லிஃப்ட்ல என்ன வேலை? பல் டாக்டர் பையன் லிஃப்டுக்குள்ள பாம்பு வந்ததா... பாம்பா? அதுக்காவது நாலு மார்க் போடுங்கம்மா. அது அவனே யோசிச்சது. நான் பாம்பு சொல்லவே இல்ல.

...

ஆமாம்மா. நான்தான் சொன்னேன். என்னை அப்படிப் பாக்காத. ஒவ்வொண்ணையும் தனியாக் கூப்பிட்டு, 'உனக்கு மட்டும்தான் சொல்றேன், இத எழுது, வேற யார்கிட்டயும் மூச்சு விடாத'ன்னு சொல்லிக் குடுத்தேன். ஏழு பேருக்கும். ஏழும் சொன்ன சொல்லைக் காப்பாத்திடுச்சு பாரு! மத்த நாள்ல ஒண்ணு தும்மினா இன்னொண்ணுக்குத் தெரியும். ஒண்ணாவது ஒளறியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

ஏழுதான் என் வேலை. எட்டாவது... எட்டாவது என் பேத்தி. அவ எழுதினது எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா. பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில யாருக்கும் சொல்லாம உங்க பெட்டியில போட்டிருக்கா. நோட்டீஸ் போர்டுல கடைசியா அவ பேரைப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. லிஃப்ட்ல மாட்டினது அவதான். போன மழைக் காலத்துல, அவ ஒருத்திதான். எழுத மாட்டேன்னு சொல்லிட்டாளே, அந்தக் கதை சும்மா கெடக்கறதுதானேன்னு எடுத்து ஏழு பேருக்குப் பங்கு போட்டுட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

நாலு நாளாச்சு. என்கூடப் பேசல. கத்தினாலாவது பரவாயில்ல, பதிலுக்கு நானும் கத்துவேன். சாப்புடறப்ப 'அம்மா, பாட்டிகிட்ட உப்பு கேளு'ங்கறா. நான் பக்கத்து நாற்காலியிலதான் ஒக்காந்திருக்கேன்! காப்பி அடிச்சவன்னு பேரு வாங்கிட்டாளே என் பொண்ணு, அவ நாளைப் பத்தி அவளே எழுதி.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கட்டுரையெல்லாம் நடுவருங்களுக்குப் போயிடுமாமே. ஏழையும் தள்ளு. அது ஞாயம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளோடத மட்டும் உள்ள சேத்துடு தாயி. எதை வெச்சு நம்பறதுன்னு கேக்கற... அதுவும் சரிதான். எட்டுப் பேரும் நான்தான் நான்தான்னு எழுதியிருக்கு. அன்னிக்கு லிஃப்டைத் தொறந்த மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரவா? அவனுக்கு லிஃப்டைத் தவிர எந்த முகமும் ஞாபகம் இருக்காது. நான் சொல்றதுதான் சாட்சி. நான் அங்கயே நின்னேன்மா! கதவுல வாயை வெச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் ஒரு நொடி நிறுத்தாம பேசினேன், பிள்ளை உள்ள பயந்துடக் கூடாதேன்னு. அப்படியேதான் ஏழு பேருக்கும் சொன்னேன்...

என்னம்மா எடுக்கறே? அவ எழுதினதா? நான் பாக்கலாமா? இரு, கண்ணாடி. இங்கயா? இந்த எடமா?

'லிஃப்ட் நின்றபோது எனக்குப் பயமாக இல்லை. வெளியே பாட்டி பேசிக்கொண்டே இருந்தார்.' இருந்தாராம்! எழுத்துல என்ன மரியாதை பாரு. 'தாத்தா பெண் பார்க்க வந்தபோது தவறுதலாகப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்த கதையை மூன்று முறை சொன்னார். நான் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. பாட்டி, பாட்டி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் உள்ளே இருட்டாக இருப்பதே எனக்குத் தெரிந்தது. அப்போதுதான்...'

...

இல்லம்மா. ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம்.

நான் கீழ போனேன். மெக்கானிக் வழி தெரியாம அடுத்த பில்டிங்குக்குள்ள போயிட்டான்னு வாட்ச்மேன் கத்தினான், அவசரத்துல எறங்கிட்டேன். போறேன்டின்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இந்த முட்டியோட எறங்கி ஏற பத்து நிமிஷம் ஆயிருக்கும். வந்து விட்ட எடத்துலேருந்து பேச ஆரம்பிச்சேன். ஏழு பேர்கிட்ட சொன்னப்ப அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுட்டேன். ஒரு நொடி நகரலன்னு சொன்னாத்தானே கேக்க நல்லா இருக்கு.

அந்த ஏழுலயும் தேடு. இது இருக்கா? இருக்காதும்மா. பேச்சு நின்னப்பதான் அவ பயந்தான்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். உள்ள இருந்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இது என்ன தாளு? நடந்ததை நான் எழுதிக் குடுக்கணுமா? கதை குடுத்தது நான்தான்னு, கீழ போனதையும் சேத்து? கையெழுத்தோடயா? குடு. எழுதறேன். தம்பி, நீங்க முன்னாடி வாங்க, நான் அந்த மேசைக்குப் போறேன்.

ஏம்மா, இன்னொரு தாளும் குடேன். இது உங்களுக்கு. அவளுக்கு ஒண்ணு எழுதணும்... நான் பேசினாக் கதவைச் சாத்திடுவா, கதவுக்கு அடியில தள்ளிட்டு வந்துடறேன்.