ரெட்டைப் பிள்ளைக்கு சீட்டு

— இன்னா சலாஹு, புள்ளைக்கு எத்தினி மார்க்குன்னு அந்தப் பொண்ணு கேட்டா ஆயிரத்து நூறுங்கற? அம்மாம் மார்க்கு வாங்குன புள்ள மெட்ராஸ்ல கவர்மெண்டு காலேஜுக்குப் போவாதா? கும்முடிப்பூண்டி பொட்டல்ல வந்து இன்னாத்துக்கு நிக்கிது?

— வாயில வந்திச்சி, சொல்லிட்டங்க்கா. இல்லாத புள்ளைக்கு மார்க்க கொறைப்பானேன்?

— மெதுவா பேசு. சுத்திக் காட்ட வந்த அந்தச் செல்வி சாவி எடுக்க உள்ள போயிருக்குது, இப்ப வந்துரும். நாம வந்த வேல ஞாபகம் இருக்குதா ஒனக்கு?

— இருக்குது. ஒம் மவ ஜபீன பொண்ணு கேட்டுருக்கற ரிஜ்வானு, இந்த யுனிவர்சிட்டில நெஜமாவே மெக்கானிக்கல் லெக்சரரான்னு பாக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க ஊட்டுக்குப் பதில் சொல்லணும். அதான? நேரா கேட்டா முடிஞ்சிது. இதுக்குப் போயி சுத்திப் பாக்க வந்தவங்க மாரி வேஷம் கட்டிக்கினு.

— நேரா கேட்டு வாங்கிக்கினது பத்தாதா? போன வருசம் வந்தவன் கம்பெனில இன்ஜினியருன்னான். தாய்மாமன்னு நீதான் நேரா போயி கேட்ட. கேட்ல நின்னவன் அவனோட மச்சான். 'ஆமா பாய், பெரிய இன்ஜினியரு'ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்சான். நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்போ, லாரியில லோடு எண்ணி எழுதறவன்னு தெரிஞ்சிது.

— லோடு எழுதறது கேவலமாக்கா?

— கேவலம்னு நான் சொன்னேனா? பொய் சொன்னானே, அதுதான் எம் பொண்ண அடிச்சிப் போட்டுது. மூணு மாசம் வாசப்படி தாண்டல அவ. இன்னொரு தடவ அவ மூஞ்ச அப்பிடிப் பாக்க என்னால ஆவாது சலாஹு.

— சரி, சரி. கண்ணத் தொடச்சிக்க. அந்தப் பொண்ணு வருது.

— சார், மேடம், கொஞ்சம் லேட்டாயிடுச்சி. இந்தாண்ட வாங்க. இது அட்மின் பிளாக்கு, பாத்துக்கோங்க. அஞ்சு மாடி. லிப்டு இருக்குது, கரண்டு இருந்தா போவும். ஆமா மேடம், சேரப் போறது பையனா, பொண்ணா?

— பையன்.

— பொண்ணு.

— ரெண்டு பேருமா?

— ரெட்டைம்மா. ரெட்டப் புள்ளைங்க.

— ஓகோ. அப்ப அந்த ஆயிரத்து நூறு யாருது சார்?

— அது பொண்ணு. பையன் சுமாரு. அவன் எங்கக்கா மாரி.

— நீ சும்மா வர்றியா? ஏம்மா செல்வி, மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டு எந்தப் பக்கம்? நேரா அங்க போயிரலாமே.

— அது கடைசில வரும் மேடம். மொதல்ல லைப்ரரி, அப்பறம் நீச்சல் கொளம், மெஸ்ஸு, அதுக்கப்பறம்தான் ஒர்க்‌ஷாப்பு. ரூட்டு அப்பிடி, ஆபீஸ்ல போட்டுக் குடுத்தது. இதோ லைப்ரரி. நாப்பதாயிரம் புஸ்தகம், புல் ஏசி, பாத்துக்கோங்க.

— கண்ணாடி அலமாரி எல்லாத்துக்கும் பூட்டு தொங்குதே?

— எடுத்தா தொலையுது சார். எடுக்காட்டி தொலையாது.

— அதுவும் சரிதான். அங்க இன்னாம்மா, பள்ளத்துல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க?

— அதான் சார் நீச்சல் கொளம். தண்ணி அடுத்த வருசம். அதுவரைக்கும் பந்து வெளிய போவாது பாருங்க, வசதியா இருக்குது. பாத்து எறங்குங்க மேடம். இது மெஸ்ஸு. வெஜ்ஜு தனி, நான்வெஜ்ஜு தனி. ஞாயித்துக்கெழம பிரியாணி.

— லெக்சரருங்களும் இங்கதான் நாஷ்டா பண்ணுவாங்களா?

— கல்யாணம் ஆவாதவங்க சாப்புடுவாங்க மேடம்.

— சாப்பாட்ட எப்பிடிம்மா? இது சரியில்ல, அது சரியில்லன்னு தட்ட தள்றவங்க இருக்கறாங்களா?

— லெக்சரருங்களா? அதையேன் மேடம் கேக்கறீங்க?

— அது ஒண்ணுமில்லம்மா, வாத்தியாரு எவ்வழியோ புள்ளைங்க அவ்வழின்னு எங்கக்காவுக்கு ஒரு நெனப்பு. நீ நட.

— நடக்கறேன் சார். வந்துட்டோம், இதான் ஒர்க்‌ஷாப்பு. லேத்து பன்னெண்டு. பதினொண்ணு ஓடுது.

— யாரும்மா இங்க பாடம் எடுக்கறது?

— ரிஜ்வான் சாரு.

— அவரு லெக்சரரா? இல்ல, கூடமாட மிஷின் காட்டிக் குடுக்கறவரா?

— லெக்சரருதான். எம்.ஈ. முடிச்சவரு, அதோ போர்டுல பேரு மொதல்ல இருக்குது பாத்துக்கோங்க. மத்த சாருங்க மிஷினத் தொட மாட்டாங்க. இவரு சட்டைய மடிச்சிக்கினு அடியில பூந்துருவாரு. அதனால வெளியேந்து வர்றவங்க இவர ஹெல்ப்பருன்னு நெனச்சிக்குவாங்க.

— கோவம் வருமா?

— வரும். நெறைய வரும். போன மாசம் ஒரு பையனுக்கு அட்டெண்டன்ஸ் பத்தல, பரிச்சைக்கு வுட மாட்டேன்னுட்டாரு. பெரிய எடத்துப் புள்ள. மேல கூப்புட்டு, நாலு நாள் வந்தான்னு எழுதிடுங்கன்னாங்க. வராதவன வந்தான்னு எப்பிடி எழுதறதுன்னு கேட்டுட்டு வந்துட்டாரு. அதுக்குத்தான் ஹாஸ்டல் வார்டன் வேலையும் அவரு தலையில கட்டுனாங்க.

— கடைசி வரைக்கும் எழுதவே இல்லியா?

— பேனாவே எடுக்கல மேடம்.

— சலாஹு, கேட்டியா? பொய்க் கணக்கு எழுத மாட்டேன்னு நின்னுருக்கான்.

— கேட்டன்க்கா. நீ அழுவாத, பேஜாரா பூடும்.

— அழுவட்டும் சார், பரவால்ல. ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. புள்ளைக்கு சீட்டு பாக்க வர்றவங்க பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேப்பாங்க, வேல கெடைக்குமான்னு கேப்பாங்க. வாத்தியாருக்குக் கோவம் வருமான்னு பொண்ணு ஊட்டுக்காரங்கதான் கேப்பாங்க. இந்த வருசத்துல நீங்க அஞ்சாவது. வரதன் சாருக்கு மட்டும் மூணு ஊட்லேந்து வந்தாங்க.

— அப்ப தெரிஞ்சிக்கினேவா அந்தக் காஞ்ச கொளம் வரைக்கும் வெயில்ல இழுத்துக்கினு போன?

— ரூட்டுன்னா ரூட்டுதான் மேடம்.

— நல்ல பொண்ணும்மா நீ. எங்கள மன்னிச்சிக்க. அந்தப் பையன கொஞ்சம் கூப்புடேன், தூரமா நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றோம்.

— அவரு இன்னிக்கு லீவு. காலையிலியே அவங்கம்மாவக் கூட்டிக்கினு பழவேற்காடு போயிட்டாரு, றால் வாங்கறதுக்கு. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அவருக்கு றால் ஒத்துக்காது. தின்னா மூஞ்சி வீங்கிப்பூடும்.

— பழவேற்காட்ல எந்தக் கடைம்மா?

— சலாஹுதீன் பாய் கடைன்னு யாரோ சொன்னாங்களாம்.

— அது நான்தாம்மா.

— சலாஹு, கடைய யாருகிட்ட வுட்டுட்டு வந்த?

— ஜபீன்கிட்டதான். நீதான அக்கா, நாம இங்க வர்றது அவளுக்குத் தெரிய வாணாம், கடையில ஒக்கார வெச்சிட்டு வான்ன.

— போனு போடு. மொதல்ல போனு போடு.

— இரு, அடிக்குது. ஜபீனு, மாமா பேசறேன். யாராச்சும் வந்தாங்களா? ம். அம்மாவும் புள்ளையுமா? ம். எத்தினி நேரம்? அடிப்பாவி. சரி. ம். அப்பிடியா சொன்ன? சரிம்மா, வெய்யி.

— இன்னா சொல்றா? வாயத் தொறந்து சொல்லேன்டா.

— அரைக் கிலோ றாலுக்கு ஒரு மணி நேரம் நின்னாங்களாம். இந்தக் கடைக்காரரு அக்கா பொண்ணு எப்பிடி, கோவம் வருமா, நல்லா சமைக்குமான்னு அவகிட்டயே கேட்டாங்களாம்.

— யா அல்லா. இவ இன்னா பண்ணா?

— நெஜமாவே றால் வாங்கத்தான் வந்தீங்களான்னு அந்தப் பையன ஒரே கேள்வி கேட்டாளாம். அவங்கம்மா ஆமான்னாங்களாம். அவன் இல்லன்னுட்டானாம். நாம வெள்ளிக்கிழமை போயி ஒண்ணும் சொல்ல வாணாமாம்க்கா, சரின்னு அவளே சொல்லி அனுப்பிட்டாளாம்.