முதலில் பேசுவோம்

“நல்லது செய்யவும் கேட்டுட்டுத்தான் செய்யோணுமோ, மாமா?” என்று என் தங்கையின் மகள் யசோதா சிறுவயதில் ஒருமுறை கேட்டாள். கேட்பது பணிவு, பணிவில்லாத நன்மை கடவுளுக்கு ஆகாது என்றேன். இன்றும் அதை நம்புகிறேன்.

கண்டியில் நாங்கள் சிலர் சேர்ந்து இலவச மென்பொருள் ஒன்று எழுதினோம். இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிந்து நிவாரணம் கொடுப்பதற்கானது. அதன் நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். பொறுப்பாளன் நான். ஒரேயொரு விதி வைத்திருந்தேன்: புதிய வசதி எதையும் எழுதுமுன், அது யாருக்கு, ஏன் தேவை என்று எங்கள் மின்னஞ்சல் குழுவில் பேச வேண்டும்.

கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் அறையெடுத்திருந்த யோகேந்திரன் எங்களுள் கெட்டிக்காரன். ஒருமுறை என் நிரலிலிருந்த பெரும் பிழையொன்றைத் திருத்தி, தன் பெயரைப் போடாமல் என் பெயரிலேயே விட்டுவிட்டான். வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கடன் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

2007இல், ஆட்கள் வெள்ளை வான் வண்டிகளில் கடத்தப்பட்டுக் காணாமற்போன காலத்தில், பதிந்தவர்களின் முகவரிகளை மறைக்கும் வசதியொன்றை அவன் எழுதியே முடித்துவிட்டான். ஒரு பேச்சும் இல்லை. முதலில் பேசுவோம் என்று குழுவில் எழுதினேன்.

“அண்ணை, உங்கடை பிள்ளையாரும் குழுவிலை கேட்டுட்டோ மாம்பழம் வாங்கினவர்?” என்று பதில் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக எழுதினேன்.

அந்த வாரம் சாதாரண உடையில் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். உங்கள் குழுவில் யாழ்ப்பாணப் பொடியன்கள் யார், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்தார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். ஒரு பெயரும் சொல்லவில்லை. எங்களிடம் ஒளிவுமறைவு இல்லை, எவரும் சேரலாம் என்று மட்டும் சொல்லி, அவர் தந்த மின்னஞ்சல் முகவரியை அப்போதே குழுவில் சேர்த்தேன்.

அதன்பின் யோகேந்திரனிடம், முகவரியை ஏன் மறைக்க வேண்டும் என்பதற்கு உண்மையான உதாரணம் ஒன்று குழுவில் எழுதும்படி கேட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அதைக் குழுவிலை எழுத ஏலாது அண்ணை. ஆக்களின்ரை உயிர்.”

“தேவையை விளங்கப்படுத்தாட்டி ஒரு வரியும் சேராது, தம்பி. வாசிக்கிறது எங்கடை ஆக்கள்தானே.”

“எழுதினால் சேர்ப்பீங்களோ?”

“ஓம்.”

நான் சொன்னது பொய்யல்ல. குழுவில் சேர்ந்தவர் எவரும் எங்கள் ஆள்தான்.

மற்றவர்களின் முகவரியை எழுத அவனுக்கு மனம் வரவில்லை. தன்னுடையதை எழுதினான்: பதிவு செய்திருந்த வீடு, அங்கே ஆட்கள் தேடி வந்ததால் மாறிய இடம், இப்போது ஒளிந்திருக்கும் பேக்கரி மேலறை. தெளிவான விளக்கம். பாராட்டிப் பதில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். பேக்கரிக்கார ஷிராஸ்தான் வந்து சொன்னார். யார் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்று. கெட்டிக்காரனுக்கென்று தனியாக ஒன்று வைக்க முடியாது. அவனுடைய தாய் மங்களேஸ்வரி தேடி வந்தபோது மழை. சோறு கொடுத்து, என் குடையையும் கொடுத்தனுப்பினேன்.

பிறகொரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் எழுதிய நிரலை மென்பொருளில் சேர்த்தேன். கொடுத்த வாக்கு அல்லவா? குழுவில் யாரிடமும் கேட்கவில்லை. அவன் எனக்குச் செய்தது போலவே, ஓசையில்லாமல் அவனுக்குச் செய்தேன். கடன் தீர்ந்தது.

அவன் பெயரை மட்டும் போடவில்லை. அவனுக்கு ஏதும் ஆபத்து வந்துவிடக் கூடாது.