பெலேமாவின் சாம்பல் வளை

தலைமை ஏற்றிருக்கும் சீஃப் இயாலா அவர்களே, ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து எங்களைக் காப்பாற்றிய பாஸ்டர் டோகுபோ அவர்களே, ரத்த வாசிப்பகத்திலிருந்து வந்திருக்கும் பெரிய வாசிப்பாளர் டகோகோ அவர்களே, பெலேமாவைப் பெற்றெடுத்த இபிசோ அம்மா அவர்களே, மீனவர் சங்கத்தாரே, மீன் வாட்டும் பெண்கள் குழுவினரே, பள்ளிப் படகில் போய்வரும் பிள்ளைகளே, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டு "சீக்கிரம் முடி" என்று கண்ணாலேயே சொல்லும் என் மனைவி அவர்களே! உங்கள் அனைவருக்கும் படகு மெக்கானிக் சோகாரியின் கனத்த நெஞ்சோடு கூடிய வணக்கம்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். அதனால் இன்று பேசுவதற்கு என் மகள் அவோபா ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். "இபிகிரியின் விடிவெள்ளியே, அணைந்தாயோ" என்று நம் ஊர்ப் பெயரோடு தொடங்குகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று அதைப் படித்துப் பார்க்கும்போதே மூன்றாம் வரியில் அழுதுவிட்டேன்.

ஆனால் எனக்கு முன் பேசிய வாசிப்பாளர் ஐயாவின் பேச்சைக் கேட்ட பிறகு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். இப்போது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது! இழவு கூடிய இடத்தில் எரிச்சல்படக் கூடாது, தெரியும். என்ன செய்வது? சவப்பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை. அதற்குள் அவளை மாற்றிவிடப் பார்க்கிறார்களே!

ஐயா என்ன சொன்னார்? "பெலேமா இறந்த பிறகு அவள் ரத்தத்தை மறுபடி வாசித்தோம். முதல் வாசிப்பில் கண்ணுக்குத் தப்பிய துணிச்சல் இழை ஒன்று இப்போது தெரிந்தது. அவள் பிறவியிலேயே வீராங்கனை. ஆகவே கையிலிருக்கும் சாம்பல் வளையைக் கழற்றிவிட்டு, வெள்ளை வளை மாட்டி அடக்கம் செய்வோம்" என்றார். பட்டுத்துணி விரித்த ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தும் காட்டினார்.

நீங்கள் கை தட்டினீர்கள். சீஃப் அவர்களே, நீங்கள் எழுந்து நின்று தட்டினீர்கள். நானும் பாதி தட்டிவிட்டேன். பக்கத்தில் இருப்பவன் தட்டினால் என் கை தானாகத் தட்டும். அதுவும் என் ரத்தத்தில் இருக்கிறதோ என்னவோ!

இபிசோ அம்மா மட்டும் தட்டவில்லை. சம்மதமா என்று ஐயா கேட்டபோது, "சோகாரி பேசட்டும். அவன்தான் அவ கூடப் படகுல இருந்தவன். அப்புறம் சொல்றேன்" என்றார். ஆக, என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் பேசுவதை நம்பி ஒரு காரியம் நிற்கிறது. என் மனைவிக்கு இது நம்ப முடியாத செய்தி.

நண்பர்களே, பள்ளி முடிக்கிற வயதில் நம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள். விரலில் ஊசி. ஒரு சொட்டு. அந்தச் சொட்டை வைத்து இவன் துணிந்தவன், இவள் பயந்தவள் என்று வாசித்து வளை மாட்டிவிடுகிறார்கள். வெள்ளை வளை என்றால் படகு ஓட்டலாம், காவலுக்குப் போகலாம், நாளைக்குத் தலைவராகவும் ஆகலாம். சாம்பல் வளை என்றால் கரையோடு சரி. வலை தைக்கலாம், மீன் வாட்டலாம், என்னைப் போல் எஞ்சினைக் கழற்றி மாட்டலாம்.

பெலேமாவுக்குச் சாம்பல் வளை மாட்டியபோது இந்த ஊரில் யாராவது ஆச்சரியப்பட்டோமா? இல்லையே! அவளுக்கு இடிக்குப் பயம். வாத்துக்குப் பயம். ஆற்றின் நடுவே மூங்கில் கால் நட்டு வீடு கட்டியிருக்கும் ஊரில் பிறந்துவிட்டு நண்டுக்குப் பயந்த ஒரே பெண் அவள்தான்! நண்டுக் குழம்பு வைத்தால்கூட, "அது செத்துடுச்சான்னு இன்னொரு தடவை பாரும்மா" என்பாளாம். வாசிப்பகம் அன்று சரியாகத்தான் வாசித்தது, ஐயா. அந்த மட்டில் உங்களைப் பாராட்டுகிறேன்.

அந்த மழைநாளை மறந்துவிட்டீர்களா? பள்ளிப் படகு ஓட்ட வேண்டியவர் நம் கேப்டன் அலாலி. வெள்ளை வளைக்காரர். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார் பாருங்கள். நல்ல மனிதர். வானம் கறுத்து, நீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் படகுத்துறையில் எஞ்சினுக்குச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். பெலேமா ஓடி வந்தாள்.

"சோகாரி மாமா, கேப்டன் வரலையா?"

"வயிறு சரியில்லையாம்."

"வானம் கறுத்தா அவருக்கு வயிறும் கலங்குமோ?"

"வாயை மூடு. பெரியவரைப் பேசாதே."

"பிள்ளைங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க?"

"பள்ளிக்கூடத்துலயே படுத்துக்கட்டும்."

"தண்ணி பள்ளிக்கூடப் படி ஏறிடுச்சு மாமா! சாக்கை எடுங்க. எஞ்சினைப் போடுங்க."

"யாரு ஓட்டுவா, உங்க அப்பனா?"

"நான்."

"அடி பைத்தியமே, உன் கையில என்ன வளை?"

"உங்க கையில இருக்கிற அதே வளைதான். நீங்க எஞ்சினைப் போடுங்க. நான் பயந்துக்கிட்டே ஓட்டுறேன்."

ஓட்டினாள்! எப்படி ஓட்டினாள் என்று கேளுங்கள். தலை நிமிர்ந்து, கண்ணில் நெருப்போடு, பாட்டுப் பாடிக்கொண்டா? இல்லை. முழங்கால் இரண்டும் தடதடவென்று படகுப் பலகையில் அடித்தது. எஞ்சினில்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இடி இடித்தபோதெல்லாம் "அம்மா" என்றாள். இரண்டு தடவை ஆற்றில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியை மறுபடி பிடித்தாள். நான் எங்கே இருந்தேன்? படகின் அடியில் குப்புறப் படுத்து, முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பொடிசு என் காதருகே வந்து, "மாமா, என் புத்தகப் பை மேல படுத்திருக்கீங்க" என்றது. அவ்வளவுதான் அன்று நான் ஆற்றிய சேவை.

எல்லாப் பிள்ளைகளையும் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேட்டேன், "பயம் போயிடுச்சா?"

"எங்க போகும்? இதோ, பக்கத்துலயே உக்காந்திருக்கு."

"அப்புறம் எப்படிடி ஓட்டுனே?"

"உக்காந்துட்டுப் போகட்டும் மாமா. கைப்பிடியை மட்டும் அதுக்குக் குடுக்கல."

அன்றிலிருந்து பள்ளிப் படகை ஓட்டியது யார்? ஊருக்குத் தெரியும், ஆற்றுக்குத் தெரியும். வாசிப்பகத்துக்கு மட்டும் கேப்டன் அலாலிதான் ஓட்டினார்! வாசிப்பாளர் ஐயா, கோபிக்கக் கூடாது, நீங்களே ஒரு தடவை அந்தப் படகில் வந்தீர்கள். கேப்டன் முன்னால் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பெண், வளை தெரியாமல் மணிக்கட்டில் கந்தலைச் சுற்றிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தாள். இறங்கும்போது நீங்கள் கேப்டனின் தோளைத் தட்டி, "இதுதான் வெள்ளை ரத்தம்" என்றீர்கள். சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி. சிரிப்பது போதும்.

சந்தைப் படகு கழிமுகத்தில் கவிழ்ந்த நாளைச் சொல்ல வேண்டும். காற்று அப்படி அடித்தது. கரையில் வெள்ளை வளைக்காரர்கள் நின்றார்கள். நான் குறை சொல்லவில்லை, அந்த அலையைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெலேமா போனாள். படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். அவர்களை இறக்கிவிட்டு மறுபடி படகைத் திருப்பினாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும்டி, பெலேமா. இறங்கு."

"இன்னும் ஆள் கத்துறது கேக்குது மாமா."

"பயமா இல்லையா உனக்கு?"

"பயமா இருக்கு. கயித்தை விடுங்க."

விட்டேன். அந்தத் தடவை படகு திரும்பி வந்தது. அவள் ஏற்றிவிட்ட ஆட்களும் வந்தார்கள். அவள் வரவில்லை. பிறகு அவள் உடலைத்தான் ஆறு கரைசேர்த்தது.

இப்போது சொல்லுங்கள் ஐயா! அது துணிச்சல் இழையா? பிறவியிலேயே அவள் ரத்தத்தில் துணிச்சல் ஓடியது என்றால், அந்த முழங்கால் எதற்கு ஆடியது? வாந்தி எதற்கு வந்தது? "பயமா இருக்கு" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாளே, பொய்யா சொன்னாள்? தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுவதுபோல் அவள் பாட்டுக்குப் போய் விழுந்தாள் என்றா சொல்கிறீர்கள்? நீங்கள் அந்தப் பெட்டியில் கொண்டு வந்திருப்பது பரிசு அல்ல. அவள் செய்ததை அவளிடமிருந்து பிடுங்கி, அவள் ரத்தத்திடம் கொடுக்கிறீர்கள்! இருந்ததே அந்த ஒன்றுதான் அவளுக்கு. அதையுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். சாம்பல் வளைக்காரி துணிந்தால், "வாசித்ததில் பிழை, அவள் வெள்ளை" என்கிறீர்கள். வெள்ளை வளைக்காரருக்கு மழைநாளில் வயிறு கலங்கினால், "அது வெறும் வயிறு" என்கிறீர்கள். உங்கள் வாசிப்பு என்றைக்குத்தான் தோற்கும்? என்னோடு தாயம் ஆடும் என் மைத்துனன்கூட வருஷத்துக்கு ஒரு தடவை தோற்றுக் கொடுப்பான்!

போன மாதம் என் மகள் அவோபாவுக்கு வளை மாட்டினார்கள். சாம்பல்தான். அப்பன் நான் இருக்கும்போது வேறு என்ன வரும்? அவள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மீன் சூப்பும் கிழங்கும் ஆறிப்போயின. நான் என்னென்னவோ வேடிக்கை காட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வெகுநேரம் கழித்து அவளே எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பெலேமா அக்கா வளையும் இதே சாம்பல்தானே?"

"ஆமா கண்ணு."

"அப்ப சூப்பைச் சூடு பண்ணுங்க."

என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். பெலேமா இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனது அதுதான். "அக்கா வளையும் சாம்பல்தான்" என்ற அந்த ஒரு வாக்கியம். இன்று அவள் கையில் வெள்ளை வளையை மாட்டினால், ராத்திரி என் மகளிடம் நான் என்ன சொல்வேன்? "அக்கா நம்ம ஜாதி இல்லையாம்மா, உள்ளுக்குள்ள வெள்ளையாம், நீ படுத்துக்கோ" என்றா?

ஐயா தம் பேச்சில், "மனிதன் தறியிலிருந்து இறங்கிய துணி, நெய்தது நெய்ததுதான்" என்று அழகாகச் சொன்னார். ஐயா, கொஞ்சம் குனிந்து உங்கள் இடுப்பைப் பாருங்கள். இழவுக்காகக் கட்டி வந்திருக்கிறீர்களே, அந்தக் கட்டம்போட்ட துணி மதராஸிலிருந்து கப்பலில் வரும்போது அதில் அந்த ஆமை ஓட்டுக் கோலம் இல்லை. நம் பெண்கள் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு, வேண்டாத நூலை ஒவ்வொன்றாக வெட்டி உருவி எடுத்த பிறகுதான் அது வந்தது. நெய்தவன் நெய்தான், சரி. எந்த நூல் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று யார் முடிவு செய்தது? நீங்கள் கட்டியிருப்பதை வெட்டியது இதோ உட்கார்ந்திருக்கும் இபிசோ அம்மாதான்!

இப்போது சிரிக்கிறீர்கள். முன்பே சிரித்திருக்கலாம், அந்தப் பெட்டியைத் திறந்தபோது.

நம் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். தூக்கியவர்களின் கால் முன்னால் போனால் "ஆமாம்". பின்னால் போனால் "இல்லை". கிறிஸ்தவ சபை வந்து அதை நிறுத்தியது. தூக்குகிறவன்தான் தள்ளுகிறான், பிணம் பேசாது என்று சொன்னார்கள். நியாயம்தான், பாஸ்டர். ஆனால் இன்று வாசிப்பகம் செய்தது என்ன? அதுவும் பிணத்திடம்தான் கேட்டது, ஊசியை வைத்து! தோளில் இருந்த பிணம் பின்னால் போய் "இல்லை" என்று சொல்லவாவது வழி இருந்தது. ஊசியிடம் அந்த வழியும் இல்லையே!

என்னம்மா?... சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

"அப்ப அவளையே கேளு, சோகாரி. தூக்கிட்டுக் கேளு" என்கிறார் இபிசோ அம்மா.

பாஸ்டர், உட்காருங்கள். சீஃப் அவர்களே, அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். சவப்பெட்டியைத் தூக்கப் போகிற நான்கு பேரும் சாம்பல் வளைக்காரர்கள்தான். முன்பக்கம் இடது தோள் நான். வாசிப்பாளர் ஐயா கேட்கட்டும்: "பெலேமா, இந்த வெள்ளை வளை உனக்கு வேண்டுமா?" முன்னால் போனால் மாட்டுங்கள். பின்னால் போனால் உங்கள் வளைப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு அடுத்த படகில் கிளம்புங்கள். தூக்கியவர்கள்தான் பின்னால் தள்ளினார்கள் என்பீர்கள். ஆமாம்! நாங்கள்தான் தள்ளுவோம்! இப்போதே சொல்லிவிட்டேன். எங்கள் கால், எங்கள் முடிவு. அவள் உயிரோடு இருந்து சொன்ன பதில் அதுதானே?

நாளைக் காலைப் பள்ளிப் படகு வழக்கம்போல் கிளம்பும். இது இந்த அவை முன் நான் கொடுக்கும் வாக்கு. அவோபா ஓட்டுவாள். மணிக்கட்டில் கந்தல் சுற்ற மாட்டாள். கேப்டன் அலாலி பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார், வயிற்றுக்கு மருந்தோடு. நான் அடியில் குப்புறப் படுத்திருப்பேன், புத்தகப் பைகளுக்கு நடுவே, கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் படகில் இருப்பேன்!

பிள்ளைகளே, வழி விடுங்கள். நான் மேடையிலிருந்து இறங்குகிறேன். என் முழங்கால் ஆடுவது அங்கிருந்தே தெரியுமே, பார்த்துக்கொள்ளுங்கள்.

பயமாக இருக்கிறது. தூக்குங்கள்.