இரண்டு வீட்டுக்கு ஒரு சிம்னி

“எங்க வீட்டு சிம்னிய அடைச்சது நீங்கதாண்ணா.”

ஆண்டர்சன்பேட்டை பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தோம். சொன்னவள் ஒரு நடுவயதுப் பெண். கேட்டுக்கொண்டு நின்றவர் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டு அடுப்புக்கும் ஒரே சிம்னியாம். ஒட்டுக் கேட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

“நான் அடைக்கலைம்மா. மழத்தண்ணி உள்ள எறங்கி என் செவுரெல்லாம் ஊறிப்போச்சு. சிம்னி வாய்மேல ஒரு தகரம் வெச்சேன், அவ்ளோதான்.”

“உங்களுக்கு கேஸ் அடுப்பு. நான் வெறகுலதான் வெந்நீர் காய வெக்கிறேன். பொகை பூரா வீட்டுக்குள்ள வருது. எம்மாமியார் இருமிக்கினே இருக்காங்க. கோழிகூட இருமுது!”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அவள் விடவில்லை.

“சொரங்கத்துல எறங்கற ஷாஃப்ட் வாய மூடினா கீழ இருக்கறவன் இன்னா ஆவான்? உங்களுக்குத் தெரியாததா?”

“தப்புதாம்மா. நாலு மூலையிலயும் கம்பி நட்டு, தகரத்த ஒரு சாண் தூக்கி வெக்கறேன். மழயும் எறங்காது, பொகையும் போவும். கரியையும் சொரண்டி எடுத்துடறேன், போதுமா? மழ விடட்டும்.”

“மழ எப்ப விடும்னு யாருக்குண்ணா தெரியும்? இத்தினி பேர் நிக்கறாங்க. எல்லார் காதும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எந்த நாளு கூர மேல ஏறுவீங்க?”