கெடா ஸ்டார் முழுகின நாள்

ஷம்ஷாத்: இன்னாடா சொல்ற ஷஃபி? நெய்ச்சோறு தம்ல கீது, பள்ளிவாசல்லருந்து அஜரத்து ஓத வந்துகினு கீறாரு… இப்ப வந்து ஃபாத்திஹா வேணாம்ன்ற?

ஷஃபியுல்லா: வேணாம்னு சொல்லலக்கா. கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு…

ஷம்ஷாத்: நம்மளப் பெத்த அத்தா கடல்ல முழுகின நாளத் தள்ளிப் போடறதா? பொதைக்க ஒரு கபுரு கூட இல்லாத மனுசன்டா அவரு. வருசா வருசம் நீயும் ஒக்காந்து சாப்ட்டுகினுதான கீற?

ஷஃபியுல்லா: சாப்டேன்… அதான் இப்ப உறுத்துது. எம்பொண்ணு ரூஹி இல்ல, அத்தா போன கப்பலு போட்டோவக் கம்ப்யூட்டர்ல தேடினா. பிரேம் போட்டு அத்தைக்குக் குடுக்கணும்னு.

ஷம்ஷாத்: கெடா ஸ்டாரா? கெடச்சுதா?

ஷஃபியுல்லா: கெடச்சுது… ஆனா கெடைக்கல. மொதல்ல அதுக்கு அந்தப் பேரே இல்ல. வெள்ளக்காரன் கட்டறப்போ லேடி மார்கரெட்டு.

ஷம்ஷாத்: அப்ப அத்தா எதுல போனாரு?

ஷஃபியுல்லா: அதுலதான். பினாங்கு சீனாக்காரன் ஒருத்தன் வாங்கி கெடா ஸ்டார்னு வெச்சான். அப்பறம் பம்பாய் கம்பெனி வாங்கி நூருல் பஹர்னு மாத்திச்சு, ஹஜ்ஜுக்கு ஆள் ஏத்திகினு போவ. அப்பறம் ஹாங்காங்காரன்… ஈஸ்டர்ன் லில்லி.

ஷம்ஷாத்: இந்த நாலுல எதுடா முழுகினது?

ஷஃபியுல்லா: நாலு இல்லக்கா, ஒண்ணுதான். நம்ம கடைக்கு வர்ற பைக்கு மாதிரி, கை மாறி கை மாறி…

ஷம்ஷாத்: கள்ளிக்குப்பத்துல பழைய பைக்கு விக்கறவனுக்குக் கப்பலுக்கும் ஆர்.சி. புக்கு வேணும். முழுகிச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு.

ஷஃபியுல்லா: முழுகிச்சு.

ஷம்ஷாத்: அப்பறம் இன்னா? போய் அஜரத்துக்குப் பாய் போடு.

ஷஃபியுல்லா: லில்லியாக் கீறப்போ முழுகிச்சு.

ஷம்ஷாத்: சரி, அத்தா லில்லியில போனாருன்னு வெச்சுக்க.

ஷஃபியுல்லா: எப்பிடி வெச்சுக்கறது? அவரு பினாங்குக்குக் கப்பலேறிப் போனது அறுவத்தஞ்சுல. அது லில்லி ஆனதே எழுவத்தாறுல. ஒடைக்கறதுக்கு இழுத்துகினு போறப்போ முழுகிச்சு. உள்ள ஒரு ஆளு இல்ல.

ஷம்ஷாத்: அஜரத்து வந்துட்டாரான்னு வாசல்ல பாரு.

ஷஃபியுல்லா: அக்கா… அடிபுடிக்குது பாரு.

ஷம்ஷாத்: கொறைச்சுட்டேன். எப்பலருந்து தெரியும் உனக்கு?

ஷஃபியுல்லா: ரம்ஜானுக்கு முன்னாடியே. நீ தாங்க மாட்டேன்னு சொல்லல. எனக்கே ஒண்ணும் புரியலக்கா. நடுவுல அந்தக் கப்பலு ஹஜ்ஜுக்கெல்லாம் போய் வந்துகீது. அப்ப அத்தாவ எங்க எறக்கி வுட்டுது? அம்மா வெள்ளப் பொடவையோட ஊட்ட வுட்டு வெளிய வராம, புருசன் செத்ததுக்குன்னு இத்தா இருந்தாளே… அது யாருக்கு? ரூஹிதான் வருசத்தத் தப்பாப் பாத்துட்டாளோ?

ஷம்ஷாத்: ரூஹி சரியாத்தான் பாத்துகீறா.

ஷஃபியுல்லா: உனக்கெப்பிடி…

ஷம்ஷாத்: பினாங்குலருந்து வந்த ஆளு ஒருத்தரு அம்மாகிட்ட சொன்னாரு. அங்க அத்தாவுக்கு ஏற்கனவே ஒரு ஊடு, பொண்டாட்டி, பொண்ணு கீதுன்னு. நீ கைக்கொழந்த. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுகினு கேட்டேன். மறுநாளே அம்மா கருகமணியக் கழட்டி வெச்சிட்டு, கப்பலு முழுகிடுச்சுன்னா. புருசன் வுட்டுட்டுப் போனவன்னு பூந்தமல்லியே பேசறத வுட, செத்துட்டான்னு சொல்றது மேலுன்னு நெனச்சா.

ஷஃபியுல்லா: உயிரோட கீற ஆளுக்கா இத்தினி வருசம் ஓதினோம்? நான் அழுதிருக்கேன்க்கா. அடுப்ப அணைச்சுடு. அஜரத்துகிட்ட நான் சொல்லிக்கறேன்.

ஷம்ஷாத்: அணைக்காதடா. மூணு வருசத்துக்கு முன்ன அந்தப் பினாங்குப் பொண்ணு எப்பிடியோ நம்பரு புடிச்சுப் பேசினா… அத்தா மௌத்தாயிட்டாரு, அங்கயே அடக்கம் பண்ணிட்டோம்னு. நாள மாத்தினா நீ ஏன்னு கேப்ப, அதான் பழைய நாள்லயே வெச்சேன். இப்பதான்டா நெசமா ஓதறேன்.